முப்பத்தொரு கற்றாழை

எங்கள் வீட்டு வாசலில் முப்பத்தொரு கற்றாழைகள் இருந்தன. கற்றாழை என்றதும் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிற சோற்றுக் கற்றாழையை நினைத்துவிட வேண்டாம். அது அடுத்த வீட்டில் இருந்தது. எங்களுடையது ஆனைக் கற்றாழை. ரயில் பாதை ஓரத்தில், இலை நுனியில் ஊசியும் விளிம்பில் ரம்பப் பல்லுமாக முறைத்துக்கொண்டு நிற்குமே, அது. மாடு மேயாது, ஆடு அண்டாது, திருடன்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான். அதைப் போய்த் தொட்டியில் வைத்து வளர்த்தவர், எனக்குத் தெரிந்து திருவரங்குளத்தில் என் அப்பா ஒருவர்தான். எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், “கத்தாழை வீடா?” என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அப்பா, கீரமங்கலத்துக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பேருந்தில் நடத்துநர். நான் எழுந்திருக்கும் முன்பே போய்விடுவார். அவர் வந்து ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதென்றால் அந்தச் செடி அதற்குள் கருகிப் போயிருக்கும். எங்கள் மண்ணும் லேசுப்பட்டதில்லை. கடப்பாரை போட்டால் செம்பாறையில் பட்டு நெருப்புப் பறக்கும். “இது தண்ணி கேக்காது, லீவு கேக்காது, கோவிச்சுக்கவும் செய்யாது. கண்டக்டர் வீட்டுக்கு இதுதாம்மா தோது” என்பார்.

அம்மாவுக்கு அந்தத் தோது பிடிபடவில்லை. “ஊரு ஒலகத்துல ரோஜா வைப்பாங்க, கனகாம்பரம் வைப்பாங்க. ஒங்களுக்கு மட்டும் எங்கேருந்துதான் முள்ளு முள்ளாத் தேடி வருதோ” என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிட்டுத்தான் வாசல் கூட்டுவாள். சேலை முந்தானை மாட்டிக்கொண்ட நாட்களில் இரண்டு முறை.

செடிகள் அப்பாவைத் தேடி வந்தது உண்மைதான். முதல் ஒன்றிரண்டை அவராகத் தோண்டி வந்தார். அவற்றை இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தபோது பார்த்த பயணிகள், நடத்துநருக்குக் கற்றாழை பிடிக்கும் என்று தெரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான். வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர் சாக்குப்பையில் ஒரு குட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினார்கள். கீரமங்கலத்திலிருந்து மல்லிகைக் கூடையோடு வருகிற பூக்கார அம்மா கொடுத்தார். வம்பன் நால்ரோட்டில் டீக்கடை வைத்திருந்தவர் கொடுத்தார். கல்யாண வாடகைக்குப் பேருந்து பொன்னமராவதி போனபோது, பெண் வீட்டுக்காரர் மஞ்சள் கரை போட்ட ஒன்றைத் தாம்பூலத்தோடு கொடுத்தனுப்பினார். ஒவ்வொன்றையும் அப்பா இரண்டு கையாலும் வாங்குவார். “அட, இது எங்கிட்ட இல்லையே!” என்பார். கொடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்கெல்லாம் பெயர் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இப்போதுபோலப் படம் எடுத்தால் பெயர் சொல்கிற போன் அன்றைக்கு இல்லை. அதனால் அப்பா, எந்த நிறுத்தத்தில் கிடைத்ததோ அந்த ஊரையே பெயராக வைத்தார். எண்ணெய் டின்னை நறுக்கி, வெள்ளைப் பெயின்டில் ‘கீரமங்கலம்’, ‘ஆலங்குடி’, ‘கைகாட்டி’ என்று எழுதித் தொட்டியில் குத்தி வைத்தார். தொட்டி என்றால் ஓட்டை வாளி, பெயின்ட் டப்பா, பாதியாக அறுத்த குடம் எல்லாம் சேர்த்திதான். நான் வாசலில் நின்று, “ஆலங்குடி எறங்குறவங்க முன்னாடி வாங்க” என்று அந்தச் செடிகளிடம் கத்திக்கொண்டிருப்பேன்.

ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். பள்ளிக்கூடம் புதுக்கோட்டையில் இருந்தது. முதல் பரிசு ஓர் உலக உருண்டை. விரலால் தட்டினால் சுற்றுகிற அந்த உருண்டை தலைமையாசிரியர் மேசையில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தது. அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் எனக்கு எச்சில் ஊறும். வகுப்பில் எழுந்து நின்று, “டீச்சர், எங்க வீட்டுல முப்பத்தொரு வகைக் கத்தாழை இருக்கு” என்றேன். டீச்சர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அது மைக்கிலேயே வந்துவிட்டது.

செடிகளைப் பேருந்தில் ஏற்றுவதென்றால் முள்ளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். பயணிகளைக் குத்திவிட்டால் அப்பா வேலைக்கே வினை. யோசனை சொன்னது அம்மாதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கிலோ சப்பாத்தி மாவைப் பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து, ஒவ்வோர் இலை நுனியிலும் செருகினாள். திட்டிக்கொண்டேதான் செருகினாள். ஆனால் ஒரு நுனியையும் விடவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் நிறுத்தத்தில் பேருந்து வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவே இல்லை. பாதித் தொட்டிகள் மேலே கேரியரில் ஏறின. மீதி, கடைசி இருக்கைகளுக்கு நடுவே. “ஏங்க கண்டக்டரே, இதுகளுக்கெல்லாம் டிக்கெட் போட்டாச்சா?” என்று யாரோ கேட்க, பேருந்தே சிரித்தது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தம் கிடையாது. இருந்தாலும் நின்றது. பயணிகள் ஆளுக்கு ஒரு தொட்டியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதிலும் எல்லோரும் அவரவர் ஊர்ப் பெயரைத் தேடித்தான் தூக்கினார்கள். பூக்கார அம்மா, “எங்க ஊரு எங்கிட்டு இருக்கு? அத நான்தான் தூக்குவேன்” என்று மல்லிகைக் கூடையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத் தம் செடியை மார்போடு அணைத்துக் கொண்டுவந்து வைத்தார். மத்தியானம் பூ விற்று முடிந்ததும் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தொன்றும் வகுப்பறையில் ஊர் வாரியாக நின்றபோது நான் இந்தப் பூமியில் இல்லை.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். குனிந்து பார்த்தவர் முதலில் கேட்டது, “இது என்னம்மா, காயா?” என்றுதான்.

“சப்பாத்தி மாவு சார்” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். பிறகு இலை ஓரத்தைத் தடவி, முள்ளை எண்ணி, அடித்தண்டைப் பார்த்து, ஒவ்வொன்றாக நகர்ந்தார். சாக்பீஸ் கேட்டு வாங்கித் தொட்டிகளில் எண் போட ஆரம்பித்தார். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. இருபத்துமூன்று தொட்டிகளில் ஒன்று என்று விழுந்தது. ஐந்துக்கு மேல் எண் போகவே இல்லை.

“வகை அஞ்சுதாம்மா. இந்த இருபத்திமூணும் ஒரே செடி. வெயில்ல இருந்தது குட்டையா இருக்கு, நெழல்ல இருந்தது நீளமா இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, “அதனால என்ன? ஒருத்தர் வீட்டுல அஞ்சு வகை இருக்கறதே பெருசு. சார்ட்டுல அஞ்சுன்னு மாத்தி, ஒவ்வொரு வகையையும் சேத்து வச்சிரு. மூணு மணிக்கு வாரேன். மொதப் பரிசு ஒனக்குத்தான்” என்று தோளில் தட்டினார்.

அழுகை வந்தது. ஆனால் உலக உருண்டை அதைவிடப் பெரியது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை வாங்கிவந்து, முப்பத்தொன்றை அடிப்பதற்கு மூடியைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து, மத்தியான நடை முடிந்த இடைவெளியில், காக்கிச் சட்டையும் தோல் பையுமாக அப்பா உள்ளே வந்தார். பின்னாலேயே பூக்கார அம்மா, அவருடைய மருமகள், டீக்கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர்.

பூக்கார அம்மா நேராகத் தம் செடியிடம் போய் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தியா? இந்த எலை வாட்டம் வேற எந்த ஊருலயும் கெடையாதாம். கண்டக்டரு வாங்குனப்பவே சொன்னாரு.” டீக்கடைக்காரர் வம்பனுக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளிடமெல்லாம், “இது நான் குடுத்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தொட்டியிலும் சாக்பீஸில் ஒன்று.

நான் அப்பாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தொட்டிகளைப் பார்க்கவில்லை. அந்த மனிதர்களைத்தான் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடியைப் போட்டார்.

“வேணாம் தாயி. முப்பத்தொன்னுதான்.”

“சார் படிச்சவருப்பா. அவரு சொன்னாரு.”

“அவரு படிச்சவரு. நான் தெனம் பாக்குறவன்ல?”

மூன்று மணிக்கு நடுவர் வந்தார். சார்ட் மாறவில்லை. அப்பா கைகூப்பி, “ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. முப்பத்தொன்னும் வேற வேறதாங்க” என்றார். நடுவர் பொறுமையாக விளக்கினார். கீரமங்கலத்தையும் வம்பனையும் பக்கத்தில் வைத்து இலைக்கு இலை காட்டினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “இருந்தாலும் வேறதாங்க ஐயா” என்றார். பெரிய வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பேருந்தில் எத்தனை பேர் ஏறினாலும் ஒரு முகத்தைக்கூட மறக்காத என் அப்பா, அந்த அறையில் ஒன்றும் தெரியாதவராக, விடாப்பிடியாக நின்றார். பூக்கார அம்மா மட்டும், “அப்புடிச் சொல்லுங்க!” என்றார்.

நடுவர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பூக்கார அம்மாவைப் பார்த்தார். “சரிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். உலக உருண்டை, சோடா உப்பும் சிவப்புப் பொடியும் போட்டுப் பொங்கவைத்த எரிமலைக்குப் போனது.

திரும்பும் பேருந்தில் ஒரே கொண்டாட்டம். “எவ்வளவு பெரிய வாத்தியாரு! நம்ம கண்டக்டரு அசையலையே!” என்று டீக்கடைக்காரர் ஏறுகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னார். பூக்கார அம்மா விற்காமல் எடுத்து வைத்திருந்த இரண்டு முழம் மல்லிகையை என் தலையில் வைத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்துபோன நாள் அது. அந்த நினைப்பில் அழுதேன். அப்பா டிக்கெட் கிழித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு நானும் ஒரு கல்லூரியில் தாவரவியல்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே செடியை ஒரே செடி என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு அந்த நடுவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இத்தனை படித்த பிறகும், அந்த அறையில் நின்றிருந்தவர்களில் யாரைப்போல இருக்க ஆசை என்று யாராவது கேட்டால், எனக்குப் பதில் சொல்ல யோசனையே வேண்டாம். அந்தக் காக்கிச் சட்டைக்காரர் என் அப்பா.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டோம். எங்கள் நிறுத்தத்துக்கு அப்புறம் மிச்ச நடைக்கு மட்டும் அப்பா வேறு ஆளை ஏற்றிவிட்டிருந்தார். தொட்டிகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. எண்கள் அழியாமல் அப்படியே இருந்தன. அப்பா வாசலில் முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டி, “என்ன ஊரு?” என்று கேட்டுக் கேட்டு வாங்கி வைத்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊரை மட்டும் சொன்னேன்.

“கீரமங்கலம்.”

“மதிலோரம்.”

“ஆலங்குடி.”

“அதுவும் மதிலோரம்தான்.”

“பொன்னமராவதி.”

“அது அங்கிட்டு, தொவைக்கிற கல்லுகிட்ட.”

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. தொட்டிகள் எடுத்த இடங்களில் தரையில் வட்டம் வட்டமாகத் தடம் இருந்தது. அந்தத் தடத்திலேயே ஒவ்வொன்றும் போய் உட்கார்ந்தது. கடைசித் தொட்டியும் வைத்து முடித்தபோது, ஒன்று போட்ட இருபத்துமூன்றும் மதிலோரம் ஒரே வரிசையாக நின்றன. இரண்டு போட்ட மூன்றும் துவைக்கிற கல்லைச் சுற்றி. மூன்று போட்ட மூன்றும் வேலிப் படல் பக்கம். நான்கும் ஐந்தும் படிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு தொட்டிகூட இடம் மாறவில்லை.

நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வகை தெரியாவிட்டாலும் அப்பாவுக்கு அழகாக அடுக்கவாவது தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டு, கைகால் கழுவப் போனேன்.