முன்னே போகாத படகு

மனைவியின் அஸ்தியைக் கரைப்பதற்காக, முப்பத்தோராம் நாள் காலை, பார்க்கிங் என்னும் எங்கள் ஊரிலிருந்து தேம்ஸ் ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கேதான் அந்தப் படகுக்காரரைக் கண்டேன். வெயிலில் கறுத்த, குறுகிய உருவம். இயந்திரத்தைத் தொடுமுன் ஆற்றுநீரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு இயந்திரத்தை முடுக்கினார். படகோ பின்னோக்கி நகர்ந்தது. முந்தின நாள்தான் அது பட்டறையில் திருத்தப்பட்டு வந்திருந்தது. பட்டறைக்குத் தொலைபேசினார்; கோடையில் எல்லாரும் படகோட்டும் காலமாம், வேலை குவிந்திருக்கிறதாம், இரண்டு கிழமை பொறுக்க வேண்டுமாம். வேறு படகும் இல்லை.

“கியரைப் பிழையாப் பூட்டிப்போட்டாங்கள், அண்ணை. பின்னுக்கு மட்டும்தான் போகும்.”

“மத்தியானத்துக்குள்ள கரைக்க வேணும், தம்பி.”

“அப்ப பின்னுக்கே போவம்.”

நடு ஆற்றில் கரைத்தேன். கரைத்தபின் திரும்பிப் பாராமல் வருவது எங்கள் முறை. ஆனால் படகு வளைந்து கரைக்கும் பின்னோக்கியே வந்ததால், படகின் முன்பக்கம் பார்த்து இருந்த என் கண்ணெதிரே சாம்பல் மிதந்த நீர் விலகிக்கொண்டிருந்தது. பார்வையை அகற்ற என்னால் இயலவில்லை.

“முறை தப்பிப் போச்சுது, தம்பி.”

கழுத்தை முறுக்கிக் கரையையே பார்த்து ஓட்டியவர் சொன்னார்: “நீங்கள் எங்கை திரும்பினீங்கள், அண்ணை? இருந்தபடிதானே இருக்கிறியள்.”

அறுபது ஆண்டு பதிகம் ஓதிய நான், கரை தட்டும்வரை அந்த நீரையே பார்த்தபடி வந்தேன்.