இறங்கியவள் எங்கே போனாள்

கிபாத்திக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கணினி விளையாட்டில் ஒரு மத்தாத்து, அதாவது எங்கள் ஊர் ஷேர் வேன், ஒழுங்காக ஓட மாட்டேன் என்றது. அதுதான் காரணம். நாற்பத்தாறு வயது, கல்லூரியில் படிக்கிற மகள் கபி, கிதுராய் சந்தைக்குப் பின்னால் அரசாங்கப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற சைபர் கடை, இத்தனையும் உள்ள மனுஷனுக்கு வந்த கவலையைப் பாருங்கள்!

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குள் நடந்ததைப் பார்த்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு இருங்கு வந்திருந்தார். பழைய டிரைவர். கிபாத்தி இருபத்து மூன்று வயதில் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கண்டக்டர் வேலை பார்த்தானே, ‘சண்டே பெஸ்ட்’ என்ற பதினாலு சீட்டு மத்தாத்து, அதை ஓட்டியவர். இப்போது அவருக்குக் கண்ணில் அழுத்த நோய். வலது கண் போயே போய்விட்டது. இடது கண் கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கிதுராய் ஸ்டேஜ் என்கிற வண்டி நிறுத்தத்திலிருந்து டவுன் வரைக்கும் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

நிஜ வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போயிற்று. ஆனால் கிபாத்தியின் கணினிக்குள் அது இருந்தது.

அந்த விளையாட்டை அவன் வாங்கியபோது அதில் இருந்ததெல்லாம் பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசமும், மணி தவறாமல் வருகிற கண்ணியமான பேருந்துகளும்தான். ஐந்து வருஷம் உட்கார்ந்து அதை இடித்துக் கட்டினான். விளையாட்டின் மேல் நாமே செய்து ஒட்டுகிற சரக்குக்கு மோட் என்று பெயர். ஊர் உலகத்தில் யார் யாரோ செய்தது பாதி, இவனே செய்தது பாதி, மொத்தம் நூற்று நாற்பத்தாறு மோட் ஒட்டியிருந்தான். எட்டு வழிச் சாலை வருவதற்கு முந்தைய திக்கா சாலை அதில் அப்படியே இருந்தது. பங்கானி ரவுண்டானா இருந்தது. வெட்டுப்பட்ட ஜகரண்டா மரங்களெல்லாம் ஊதாப் பூவோடு நின்றன. ஸ்டேஜ் ஓரத்தில் சோளம் சுடுகிறவளின் அடுப்பும் புகையும்கூட இருந்தன. வண்டி மேல் வரைந்த படமெல்லாம் அழித்துவிட்டு மஞ்சள் கோடு போடு என்று சட்டம் வருவதற்கு முந்தைய மத்தாத்துகள், ஊதா உடம்பும் தங்க எழுத்துமாக, நெஞ்சு அதிர்கிற பாட்டோடு வரிசை கட்டி நின்றன. அதைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் நகர மனசு வராது. எனக்கு வரவில்லை, ஒளிப்பானேன்?

இருங்கு போன வாரம் கணினியோடு இணைத்திருந்த ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வண்டி நிறையட்டும் என்று ஸ்டேஜில் காத்திருந்தார்கள். அப்புறம் பிடித்தது சனி. வினாடிக்கு அறுபது படம் ஓடினால்தான் கண்ணுக்கு அது ஓட்டமாகத் தெரியும். அறுபது முப்பதாயிற்று, பன்னிரண்டாயிற்று, நாலாயிற்று. சாலை விட்டு விட்டுக் குதித்தது. இருங்கு ஸ்டியரிங்கை ஒடித்தார். படம் வந்து சேர்வதற்குள் வண்டி சோளக்காரி அடுப்பின் மேல் ஏறி நின்றது.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கண்ணுதான்டா. இதுவும் போயிருச்சு போல.”

“அண்ணே, கண்ணு இல்லண்ணே, மெஷினு! படம் திணறுது. எனக்கும்தான் அப்படித் தெரியுது.”

“சரி சரி. நீ நல்லவன்டா, எப்பவும் இப்படித்தான் சொல்லுவ.”

அவர் நம்பவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வாங்க என்று கிபாத்தி பின்னாலேயே ஓடிக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தான். ஒப்புக்கொண்டது அவனுக்காகத்தான், ஓட்டுவோம் என்ற நம்பிக்கையில் இல்லை. அது கிபாத்திக்கும் தெரியும். இதைச் சரி பண்ணாவிட்டால் அந்த மனுஷன் தன் கடைசிக் கண்ணைத் தானே மூடிவிடுவார் என்றுதான் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை கணினியைப் பிரித்துத் தூசி தட்டினான். கால் கிலோ கிதுராய் மண் அதற்குள் இருந்தது. செவ்வாய்க்கிழமை படத்தின் தரத்தையெல்லாம் குறைத்துப் பார்த்தான். ஜகரண்டா பூ மொட்டையானதுதான் மிச்சம். புதன்கிழமை இணையத்தில் கேட்டான். போலந்திலிருந்து ஒரு புண்ணியவான், ‘முதலில் டிரைவரை மாற்றிப் பார்’ என்று பதில் எழுதினான். அவன் சொன்னது கணினிக்குள் படம் காட்டுகிற கார்டை இயக்குகிற மென்பொருளை; அதற்கும் டிரைவர் என்றுதான் பெயர். கிபாத்தியின் மனைவி வங்கெஷி தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டாள்.

“யாரு இவன், இருங்கு அண்ணனை மாத்தச் சொல்றது? எங்க இருக்கான், வீட்டு விலாசம் இருக்கா?”

“கபி அம்மா, இது வேற டிரைவரு. நீ சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். நீதான் நாலு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்க.”

வியாழனும் வெள்ளியும் மோட்களைப் பாதிப் பாதியாகக் கழற்றிப் பார்த்தான். பாதியைக் கழற்று, ஓட்டு. சரியாயிற்றா? அப்படியானால் குற்றவாளி கழற்றிய பாதியில். அதை மறுபடி இரண்டாகப் பிரி. நூற்று நாற்பத்தாறு எழுபத்து மூன்றாகி, பதினெட்டாகி, ஐந்தாகி, சனிக்கிழமை மத்தியானம் ஒன்றாயிற்று. அந்த ஒன்று யாருடையது என்று பார்த்தால், அவனுடையதே! கிதுராய் ஸ்டேஜ். தன் கையால் கட்டியது. ஐந்து வருஷத்தில் அவன் அதிகம் இழைத்தது அதைத்தான். அதைக் கழற்றினால் விளையாட்டு வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆனால் ஸ்டேஜ் இருந்த இடத்தில் வெறும் புல்தரை. புல்தரையிலிருந்து டவுனுக்குப் போக இருங்கு எதற்கு வர வேண்டும்?

அவன் ஸ்டேஜை மறுபடி ஒட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது வங்கெஷி கிதேரியைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். சேர்த்து வேகவைத்த சோளத்திலும் பயறிலும் ஆவி பறந்தது. மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சோளக்காரியின் அடுப்புக்குப் பின்னால், தலையில் பச்சைத் துணி கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“யோவ். அது நானா?”

கிபாத்தி நெளிந்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறையாத மத்தாத்து ஸ்டேஜை விட்டுக் கிளம்பாது. காலி மத்தாத்தில் எவனும் ஏற மாட்டான், ஏறினால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டுமே. அதற்காகவே நாலைந்து பேரைச் சும்மா உள்ளே உட்கார வைப்பார்கள். நிஜப் பயணி ஒருவர் ஏற, உட்கார்ந்திருந்த ஆள் ஒன்று நைசாக இறங்கும். அப்படி உட்கார்வதற்குச் சில்லறை கிடைக்கும். இருபது வயதில் வங்கெஷிக்கு அதுதான் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. மடியில் பையை வைத்துக்கொண்டு, டவுனில் யாரோ காத்திருப்பது போலப் பெருமூச்சு விடுவாள். கட்டியிராத வாட்சைப் பார்த்து உச்சுக் கொட்டுவாள். அதைப் பார்த்தவர்கள், இந்த வண்டி இப்போதே கிளம்பப் போகிறது என்று விழுந்தடித்து ஏறுவார்கள். அவள் உச்சுக் கொட்டுவதைப் பார்த்துத்தான் கிபாத்தி விழுந்தான்.

“மத்தவங்கல்லாம் எங்க? கதோனி இருந்தா, அந்த நெட்டை முரேது இருந்தான். எல்லா வண்டியிலயும் நானே உக்காந்திருக்கேன்?”

“வேற யாரு மூஞ்சியும் ஞாபகம் வரல. என்ன பண்ணச் சொல்ற?”

அவள் அதற்குச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு பயணி ஏறினார். பச்சைத் துணிக்காரி இறங்கினாள், அடுப்புக்குப் பின்னால் நடந்து போய் நின்றாள். அடுத்த வண்டியில் இன்னொரு பச்சைத் துணி இறங்கியது. அதுவும் நடந்துபோய் அதே இடத்தில், அதே ஆளுக்குள்ளேயே புகுந்து நின்றது. பார்க்க ஒருத்தி மாதிரியே இருந்தது.

“இறங்கினப்புறம் இவ எங்க போவா?”

“எங்கயும் இல்ல. இறங்கிட்டா, வேலை முடிஞ்சுது.”

“வேலை முடிஞ்சுதா?” வங்கெஷிக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “அட மக்குக் கண்டக்டரே! நாங்க இறங்கினா வீட்டுக்குப் போயி கால நீட்டிப் படுத்தோம்னு நினைச்சியா? ஓடிப்போய் அடுத்த வண்டியில ஏறணும்யா! நாள் முச்சூடும் ஏறணும், இறங்கணும், ஏறணும். நீ டபார்னு கதவைத் தட்டிட்டுப் போயிருவ. எங்க போறோம்னு ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கியா?”

  கிபாத்தி விசைப்பலகையை இழுத்து, அந்த இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கணினியைக் கேட்டான். முன்னூற்றுப் பன்னிரண்டு என்று அது சொன்னது. சோளக்காரிக்குப் பின்னால் ஓரடி இடத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு வங்கெஷி! ஒவ்வொருத்தியும் பை வைத்திருக்கிறாள், ஒவ்வொருத்தியும் மணிக்கட்டைப் பார்க்கிறாள், உச்சுக் கொட்டுகிறாள். வண்டி காத்திருக்கக் காத்திருக்க ஆள் கூடிக்கொண்டே போகிறது. இறங்குவதை எழுதியவன், இறங்கியவள் எங்கே போவாள் என்பதை எழுதவே இல்லை. கணினி பாவம், அத்தனை பேரையும் சுமந்துகொண்டு எப்படி ஓடும்?

“ஒருத்தியை வச்சுக் காப்பாத்தவே உனக்கு நாக்குத் தள்ளுது,” என்றாள் வங்கெஷி. “முன்னூறு கேக்குதா?”

அவன் சிரித்தான். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.  ஆனால் மூன்று வருஷம் அவளைக் காதலிப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்த ஸ்டேஜில் ஏறி இறங்கியவனுக்கு, வண்டி நகர்ந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது என்றால் வெட்கமாக இருக்காதா? தட்டை எடுத்துக் கிதேரியை வழித்துச் சாப்பிட்டான். பிறகு, இறங்கியவள் வரிசையில் அடுத்து நிற்கிற வண்டியில் ஏற வேண்டும் என்று எழுதிச் சேர்த்தான். பத்து நிமிஷம் காத்திருந்து பார்த்தான். இருபது நிமிஷம் பார்த்தான். அறுபது அறுபதாகவே நின்றது.

ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து இருங்கு வந்தார். கோட்டு போட்டிருந்தார். உட்காரும்போதே, “ரெண்டு நிமிஷந்தான்டா, வீட்ல வேலை இருக்கு,” என்றார். பயந்திருந்தார். கிபாத்தி அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டான். வங்கெஷி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஸ்டேஜ் வந்தது. புகை வந்தது, பாட்டு வந்தது. இருங்கு தலையைச் சாய்த்து இடது கண்ணைத் திரைக்குப் பக்கமாகக் கொண்டுபோனார். ஐந்து நிமிஷமாயிற்று. பத்து நிமிஷமாயிற்று. திரை குதிக்கவில்லை. புகை அதுபாட்டுக்கு மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது.

“டேய்,” என்றார் இருங்கு. “புகை தெரியுதுடா. நல்லா ஓட்டமா தெரியுது.”

“மெஷினுண்ணே. நான்தான் சொன்னேனே.”

“அப்ப கண்ணு இல்லையா?”

“கண்ணு இல்லண்ணே.”

அவர் மூக்கை உறிஞ்சினார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். குரலே மாறிவிட்டது, பழைய அதட்டல் வந்துவிட்டது.

“நிறைஞ்சுதா?”

கிபாத்தி பார்த்தான். பதின்மூன்று பேர் பயணிகள். பதினாலாவது சீட்டில், ஜன்னலோரம், பச்சைத் துணி. இன்னும் ஒரு பயணி ஏற வேண்டும், அவள் இறங்க வேண்டும். அதுதான் ஸ்டேஜ் வழக்கம். யாரும் வரவில்லை.

“ஒரு சீட்டுண்ணே.”

“ஜன்னலோரம் யாரு, நம்ம பச்சைத் துணிக்காரியா? இன்னுமா அவ உக்காந்திருக்கா?”

பின்னால் பெஞ்சிலிருந்து வங்கெஷி பேசினாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் விளையாட்டு போய்விட்டது.

“அண்ணே, அந்த வண்டியில நான் உக்காராத சீட்டு கிடையாது. மூணு வருஷம் உக்காந்தேன். ஒரு தடவை கூட அதுல டவுனுக்குப் போனதில்லண்ணே. கிளம்பறப்பல்லாம் நான் கீழதான் நின்னேன்.”

 எத்தனை ஆயிரம் தடவை, ‘வங்கெஷி, நீ இறங்கு’ என்று சொல்லியிருப்போம் என்று கிபாத்தி நினைத்தான். சொன்ன வாய் இதே வாய்தான்.

அவன் கையை ஓங்கி, வண்டி உடம்பில் தட்டுவது போல, மேஜையை இரண்டு தட்டுத் தட்டினான்.

“நிறைஞ்சிருச்சுண்ணே. போலாம்!”

“அவ?”

“அவ வர்றாண்ணே. கடைசி வரைக்கும்.”

இருங்கு கியர் போட்டார். சண்டே பெஸ்ட் சோளக்காரியைத் தாண்டித் திக்கா சாலையில் ஏறியது. வங்கெஷி பெஞ்சை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.