கோயில் எவ்வளவு பெரிது?

மகள் பென்சில் சீவும் வாசத்தில், திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்து இனயம் என்ற கடற்கரை ஊரில், அலைச்சத்தத்துக்கு மேல் டிராயிங் சார் கத்திக்கொண்டிருக்கும் ஓலைக்கூரைப் பள்ளிக்குள் போய்விட்டேன்.

"பக்கத்தில உள்ளது பெரிசு, தூரத்தில உள்ளது சின்னது."

அதன்படி, கரையிலிருக்கும் மாதா கோயிலைப் பெரிதாகவும் கடலில் அப்பாவின் கட்டுமரத்தை அரிசிமணியாகவும் வரைந்தேன். கடலிலிருந்து கோயிலையும் பின்னாலுள்ள மலையையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து, தண்ணீருக்கடியில் மீன் கிடக்கும் பாறையைக் கண்டுபிடிக்கிற அப்பா முகம் சுளித்தார்.

"ஏட்டி, கோயில் இம்புட்டுப் பெரிசா தெரிஞ்சா மரம் கரையேறியாச்சுல்லா?"

படத்தை அழித்து, கட்டுமரத்தைப் பெரிதாக்கி, கோயிலை மிளகாய் விதையாக்கினார். மறுநாள் சார் அதைச் சிவப்பில் அடித்தார். யார் சொன்னது சரியென்று இன்றுவரை குழப்பம்தான்.

"அம்மா, ஒங்க பள்ளிக்கூடத்த வரஞ்சு காட்டு."

மகளிடமிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டேன். பள்ளி நின்ற இடம் இப்போது கடலுக்குள். அதைப் பெரிதாக வரைவதா, சிறிதாகவா?