பூட்டு நல்லாத்தான் இருந்தது

பொங்கல் லீவு வந்தால் திருச்சானூரில் நிற்க இடம் கிடையாது. நான் வேலை பார்க்கிற லாட்ஜுக்குப் போன வாரம் ஒரு சென்னைக் குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் ரூம் சாவி வாங்குவதற்கு முன்னால் போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். அவருடைய வீட்டு வாசல் அதில் தெரிந்தது. கதவு, பூட்டு, காய்ந்துபோன மாவிலைத் தோரணம். "ஊர்ல இருக்கற வீட்ட இங்க இருந்தே பாத்துக்கலாம் மேடம்" என்றார் பெருமையாக. "பரவாயில்லையே சார்" என்று நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் ரெஜிஸ்டரில் அவர் பேரை எழுதும்போதும் அந்தப் பூட்டுத்தான் கண்ணில் நின்றது. பூட்டின கதவு என்றாலே எனக்கு ஆகாது. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் சுற்றித்தான் சொல்லவேண்டும், நேராகச் சொல்ல எனக்கு எப்போதுமே வராது.

நான் ஏழு வருஷம் போலீஸுக்கு ஒத்தாசையாக ஹோம்கார்டு வேலை பார்த்தேன். ஆந்திர எல்லையில் நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன போலீஸ் ஸ்டேஷன், ஊர் பேர் வேண்டாம். ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடினால் எங்களுக்கு மட்டும் லீவு ரத்து. மாடு விடுகிற இடத்தில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், சேவல் சண்டையில் பிடித்த சேவல்களுக்குத் தீனி போடவேண்டும். ஆமாம், சேவலும் கேஸ் சொத்துதான். கோர்ட் உத்தரவு வரும்வரை ஸ்டேஷன் ஜன்னல் கம்பியில் கட்டிக்கிடக்கும், எஸ்.ஐ. போனில் பேசும்போதெல்லாம் சரியாகக் கூவும். ஒரு சேவலுக்கு நான் எங்கள் ரைட்டர் சார் பேரை வைத்திருந்தேன். ரைட்டர் என்றால் ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்கப் பார்க்கிற ஹெட் கான்ஸ்டபிள். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன், கண்டுகொள்ளமாட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, நடக்கவைக்கிற வேலை வேறொன்று இருந்தது. பண்டிகைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ரைட்டர் சார் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். தினம் காலையும் சாயங்காலமும் நான் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்து, கதவு நிலையில் தேதி போட்டு, ஒரு வேளைக்கு ஒரு கோடு சாக்பீஸால் கிழிக்கவேண்டும். ஊர் திரும்பினவர்கள் கோட்டை எண்ணிப் பார்த்து, "மேடம் ஒரு வேள கூட வுடாம வந்துகீறாங்க" என்று கரும்பும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பண்டிகை முடிகிறவரை யூனிஃபார்ம் பாக்கெட்டெல்லாம் சாக்பீஸ் தூள்தான். எங்கள் நைனா கிண்டல் செய்வார், "என்னாடி, டீச்சர் வேலைக்கா போய்க்கினு இருக்கற?" என்று.

அந்த வருஷம் போகிக்கு முந்தின நாள் காலையில் மோகன் என்று ஒருத்தன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், பேச்சில் அத்தனை மரியாதை. மாந்தோப்புக்கு நடுவில் ஒற்றை வீடு அவனுடையது. "அம்மாவ கூட்டிக்கினு திருமலைக்குப் போறேன் மேடம். வூட்ல யாரும் இல்ல. பூட்ட மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றான். படியிறங்கிப் போனவன் திரும்பிவந்து, "உள்ள பூன பூந்து பாத்திரத்த உருட்டும் மேடம், அத கண்டுக்காதீங்க" என்றான். அதை ரைட்டர் சார் நோட்டில்கூட எழுதிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் போனேன். இழுத்தேன், பூட்டு நல்லாத்தான் இருந்தது. உள்ளே ஏதோ பாத்திரம் நகர்ந்த சத்தம் கேட்டது. பூனை என்று நானே சொல்லிக்கொண்டு கோடு கிழித்தேன். மோகன் அன்றைக்கே போன் செய்து, "பூட்டு சரியா கீதா மேடம்?" என்று கேட்டான். போகியன்று மட்டும் மூன்று தடவை கேட்டான். அந்த வீட்டில் திருட என்ன இருந்தது, ஒரு பழைய டி.வி.கூடக் கிடையாது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்கவேண்டும். எங்கே தோன்றியது? "ஆம்பளன்னா இப்பிடி பொறுப்பா இருக்கணும் சார்" என்று ரைட்டர் சாரிடம் பாராட்டிப் பேசினேன். இந்த வாயை என்ன செய்வது, சொல்லுங்கள்.

போகிப் புகை இன்னும் தோப்புக்குள் தங்கியிருந்த அந்தச் சாயங்காலத்தில்தான் அதைச் செய்தேன். மூன்று வருஷமாக வீட்டில் பொங்கல் பொங்கினதே இல்லை நான். மறுநாள் ஒருநாளாவது வீட்டில் இருந்துவிடலாம் என்று, போகிக்கான கோட்டோடு மறுநாள் தேதியும் போட்டு, அதற்குண்டான இரண்டு கோட்டையும் சேர்த்துக் கிழித்துவிட்டேன். நோட்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லாரும் செய்கிற வேலைதான், ரைட்டர் சாருக்கும் தெரிந்துதான் நடந்தது. பொங்கலன்று நைனா பக்கத்தில் உட்கார்ந்து வயிறு முட்டச் சக்கரைப் பொங்கல் துன்னேன். மத்தியானம் தூங்கவும் தூங்கினேன்.

மறுநாள், மாட்டுப்பொங்கல் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் தோப்பு வீட்டுக்குப் போனேன். தேதி எழுதும்போது சாக்பீஸ் கை நழுவிக் கதவடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தேன். கதவுக்கும் தரைக்கும் இடையில் விரல் போகிற அளவு சந்து. அந்தச் சந்தில் கால் விரல்கள் தெரிந்தன. மஞ்சள் பூசின கால், வெள்ளி மெட்டி. அசையாமல் நின்றிருந்தது, எனக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் ஒரு பலகைதான்.

"எவரு லோப்பல?" என்று கத்தினேன். காக்கி போட்டால் எனக்குத் தெலுங்குதான் வரும், அதில்தான் அதிகாரம் இருப்பதாக ஒரு நினைப்பு. கால் பின்னால் போய்விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, சந்துக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "யாரும்மா உள்ள? பயப்படாத, சொல்லும்மா" என்றேன். ஒரு குரல் வந்தது, தொண்டை ஒட்டிப்போன குரல்.

"தண்ணி இல்லக்கா."

துணி துவைக்கிற இடத்தில் கிடந்த கல்லை எடுத்து அந்தப் பூட்டை அடித்தேன். மூன்று வேளை நான் இழுத்துப் பார்த்துப் பத்திரம் செய்த பூட்டு. லேசில் உடையவில்லை, கை தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. உள்ளே இருந்தது மோகன் பெண்டாட்டி செல்வி. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி ஆறு மாசம், வயிற்றில் மூன்று மாசம். உடம்பு அனலாகக் கொதித்தது. தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். போனால் திரும்பமாட்டாள் என்று இவன் போனைப் பிடுங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். போகும்போது சொன்னானாம், "வெளிய போலீஸ காவல் வெச்சிட்டுப் போறேன். சத்தம் போட்ட, உன்னத்தான் தூக்கினு போவாங்க" என்று. என் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். காவலாளி நான்தானே.

ஆட்டோவில் நகரி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள், "பொங்கலன்னிக்கு காலைலயே தண்ணி தீந்துபோச்சுக்கா. போலீஸ் புடிச்சா புடிக்கட்டும், இன்னிக்கு யார் வந்தாலும் கூப்புட்றதுன்னு கதவாண்டயே ஒக்காந்துகினு இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் யாருமே வரலக்கா. அப்பறம் அந்த தைரியமும் போச்சு." அவள் தலையைத் தடவிக்கொண்டே போனேன்.

கரு தங்கவில்லை. "நேத்தே கூட்டி வந்திருந்தா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இப்ப அதக் கேட்டு என்னம்மா பண்ணப்போற" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மோகன் மேல் கேஸ் போட்டோம். ஒன்றரை வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தபோது அவனுடைய வக்கீல் எங்கள் நோட்டையே கேட்டு வாங்கினார். போலீஸ் தினம் இரண்டு வேளை போயிருக்கிறது, ஒரு வேளைகூட உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை, அந்தப் பெண் தன் இஷ்டத்தில்தான் உள்ளே இருந்தாள் என்பது அவருடைய வாதம். முந்தின நாளே ரைட்டர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், "எழுதினது எழுதினதுதான்மா. போகலன்னு சொன்னா உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். ரெண்டு பொண்ணு வெச்சிருக்கேன்." கூண்டில் நின்றேன். பொங்கலன்று இரண்டு வேளையும் போனீர்களா என்று வக்கீல் தெலுங்கில் கேட்டார். செல்வி பெஞ்சில் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனேன் என்றேன்.

அவன் விடுதலையாகிப் போனான். வராண்டாவில் செல்வி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீங்க வந்தீங்களாக்கா? எனக்குத் தெரியவே இல்லியே. நான்தான் தூங்கிட்டேன் போல. தூங்காம இருந்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அம்மா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டேன். இப்போது அந்த மாந்தோப்பு இல்லை. ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிற பையன்களுக்கு வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பழைய நோட்டெல்லாம் எங்கே போயிற்றோ. ரைட்டர் சார் ரிடையர் ஆகி, போய்ச் சேர்ந்தும் விட்டார். ஊத்துக்கோட்டைப் பக்கம் இரண்டு தடவை தேடிக்கொண்டு போனேன். அம்மாக்காரி செத்துப்போனாள், பொண்ணு மெட்ராஸ் பக்கம் எங்கேயோ வேலைக்குப் போயிட்டது என்று மட்டும் சொன்னார்கள். வேலை போகும் என்ற பயம் போயிற்று, வேலையே போயிற்று, சொல்லத்தான் ஆள் இல்லை. எங்கேயோ உட்கார்ந்து, அன்றைக்குத் தூங்கிவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் தூங்கவில்லை. நான்தான் போகவில்லை.