என் சைக்கிளுக்கு மூன்று விலை

தொப்பை குறைய சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். சைக்கிளை வாங்கிவிட்டேன், ஓட்டுவதைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம் என்று இருந்தேன். கியர் வைத்த பழைய வண்டி, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். வீட்டில் இரண்டாயிரம் என்று சொன்னேன், நிம்மதிக்கு. டீக்கடை நண்பரிடம் எட்டாயிரம் என்று சொன்னேன், கெத்துக்கு.

ஒருநாள் காலை கோட்டை அடிவாரம் வரை மிதித்துப் போய், மூச்சு வாங்கி, திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். பூட்டவில்லை. கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினால் வண்டி இல்லை. நண்பரும் ஸ்டேஷனுக்குக் கூடவே வந்தார். புகார் எழுதிய ஏட்டு, "மதிப்பு எவ்ளோ?" என்றார். பக்கத்தில் நின்ற நண்பரின் முகத்தைப் பார்த்தேன். "எட்டாயிரம் சார்."

இரண்டே வாரத்தில் சைக்கிள் கிடைத்தது. வல்லம் பக்கம் வீடு கட்டுகிற இடத்தில் நின்றிருந்ததாம். எடுத்தவன் அங்கே வேலை செய்த கொத்தனார், முப்பது வயது இருக்கும். எனக்கு வீரம் பிறந்துவிட்டது. டீக்கடையில் பேசினேன்: "திருட்டுன்னா இத்தனை மாசம்னு ஒரே அளவா வெச்சிடணும்பா. ஆள் மூஞ்சியப் பாத்து ஜட்ஜு கொறைக்கிறது கூட்டறதுன்றதே இருக்கக் கூடாது."

என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு வக்கீல் பெண் வந்தார். அந்தக் கொத்தனாருக்கு இலவசமாக வாதாடுகிறவர்.

"சார், சைக்கிள் புதுசா?"

"ஏம்மா?"

"புதுச் சட்டத்துல ஒரு கோடு இருக்குது சார். பொருளோட மதிப்பு ஐயாயிரத்துக்குக் கீழ இருந்து, மொதல் தப்பா இருந்து, பொருளும் திரும்பக் கெடச்சிட்டா, சமூக சேவைதான் தண்டனை. மேல போயிட்டா ஜெயிலுக்கும் அனுப்பலாம். உள்ள போயிட்டு வந்தா மேஸ்திரி அவரை மறுபடி சேர்க்க மாட்டாரு. பில் இருந்தா குடுங்க."

பில் இல்லை. பயம் மட்டும் இருந்தது. அவர் போனதும் 'பொய்ப் புகார் தண்டனை' என்று போனில் தேடினேன். அதைப் படித்துக்கொண்டே ஒருவருடைய ஆதார் கார்டைப் பதினோரு காப்பி எடுத்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்று. அந்தக் கொத்தனாரும் நானும் ஒரே அறையில் அடைக்கப்படுவது வரை மனசு போய்விட்டது. பாய் அவனுக்கு, தரை எனக்கு.

மத்தியானம் மனைவியிடம் கொட்டிவிட்டேன்.

"எங்கிட்ட ரெண்டாயிரம்னீங்களே?"

"அது வீட்டு விலை."

"ஏங்க, உங்க பீத்தலுக்கு அந்த ஆளு ஜெயிலுக்குப் போவணுமா? கோர்ட்ல நெசத்தச் சொல்லுங்க. உங்களுக்கு இன்னா தண்டனைன்னு நான் பாத்துக்கறேன். அதுக்கெல்லாம் சட்டம் கெடையாது, என் இஷ்டந்தான்."

சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று மனைவியும் வந்திருந்தாள், நண்பரும் வந்திருந்தார். கூண்டுக் கட்டையை நான் பிடித்திருந்தேனா, அது என்னைப் பிடித்திருந்ததா, தெரியாது.

"புகார்ல எட்டாயிரம்னு இருக்கே?" என்றார் பெண் நீதிபதி.

"மூவாயிரத்து ஐந்நூறும்மா."

"அப்போ எட்டாயிரம்?"

"பக்கத்துல இருந்தவருக்காகச் சொன்னதும்மா."

கோர்ட்டே சிரித்தது. நண்பர் ஃபேனைப் பார்த்தார். நீதிபதி சிரிக்கவில்லை.

"தப்பான தகவல் குடுத்ததுக்கு உங்க மேலயும் நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?"

"ஆதார் காப்பி எடுத்த நாள்லருந்து தெரியும்மா."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் நான் நடுங்கியதைப் பார்த்தார். எச்சரித்து இறக்கிவிட்டார். ஜட்ஜு ஆள் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்று முழங்கிய அதே வாயால் மூன்று தடவை நன்றி சொன்னேன்.

கொத்தனார் மறைக்காமல் ஒத்துக்கொண்டான். "காங்கிரீட் போடற அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டேம்மா. சாயங்காலமே திருப்பி வெச்சிடலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் பயந்துட்டேன்." எடுத்தவனும் பயந்திருக்கிறான், பறிகொடுத்தவனும் பயந்திருக்கிறான்.

தண்டனை சமூக சேவை என்பதைச் சட்டம் முடிவு செய்துவிட்டது. எங்கே, எப்போது என்பது மட்டும் நீதிபதியின் கையில் இருந்தது. "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். கட்டு வேலை, பூச்சு வேலை என்றான். அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வருகிறவர்கள் உட்காரும் மேடை இடிந்து கிடந்தது. எட்டு ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டித் தரச் சொன்னார். வாரநாள் கூலி கெடாது.

மூன்றாவது ஞாயிறு சும்மா பார்க்கப் போனேன். கேட்டுக்கு வெளியே நாலு தடவை நடந்த பிறகுதான் உள்ளே போனேன். பார்த்துவிட்டான்.

"சார், இங்க வாங்க."

கையில் சிமெண்ட் பூசுகிற கரணை. தப்பித்து ஓடினால் எந்தப் பக்கம் என்று கூடக் கணக்குப் போட்டேன். நான் ஓடுகிற லட்சணம் டாக்டருக்குத் தெரியும்.

"செங்கல் நேரா வர அந்தக் கடைசில நூலப் புடிங்க. கூட ஆளு இல்ல."

பிடித்தேன்.

"ஆடாதீங்க சார்."

"நான் ஆடலப்பா, கைதான் ஆடுது."

சிரித்துவிட்டான். மத்தியானத்துக்குள் இரண்டு வரி செங்கல் நேராக ஏறிவிட்டது. போன வாரம் பூசி முடித்த பக்கத்தில் ஒரு அம்மா தூக்குவாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கேட்கப் பயமாகத்தான் இருந்தது, கேட்டுவிட்டேன். "மேஸ்திரி இன்னா சொன்னாரு?"

"நாளைக்குத் தொண்டூர்ல தளம் போடறோம் சார்," என்றான் கரணையைக் கழுவிக்கொண்டே. "ஆறு மணிக்கெல்லாம் வந்துடுன்னாரு."