சுவரில் நட்ட மரவள்ளி

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் பிள்ளைகளின் அம்மாக்களை வைத்துத்தான் உடைந்த டைல்ஸ் சில்லுகளால் படம் பதிப்பேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஹெச்.எம். சாருக்கு அது பிடிக்கவில்லை. பெயிண்டரை வரச்சொன்னால் ஒரே நாளில் மயிலும் தாமரையும் வரைந்துவிட்டுப் போவார் என்றார். மயில் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது சார் என்றேன்.

எனக்கு வேண்டியது படமே இல்லை. கொல்லிமலையில் நான் ஓவிய டீச்சராகச் சேர்ந்த நாளிலிருந்து, பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் கேட்டுக்கு வெளியேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகிவிட்டது. உள்ளே வரச்சொன்னால், “எங்களுக்கு என்னங்க தெரியும்” என்பார்கள். வேலை ஒன்று இருந்தால் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் சார் இறங்கிவந்தார். முதல் நாள் வேலையைப் பார்ப்பேன், அசிங்கமாக இருந்தால் பூசி மறைத்துவிட்டுப் பெயிண்டரைக் கூப்பிடுவேன் என்றார்.

அடிவாரத்தில் கட்டட வேலைக்குப் போகும் அப்பாக்கள் உடைந்த டைல்ஸை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். அம்மாக்களும் வந்தார்கள். நான் சாக்பீஸில் மலையும் சரிவில் ஒரு காடும் வரைந்து, காட்டுக்குப் பச்சைச் சில்லு என்று சொல்லிவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. சிமெண்ட் பூசிய சுவரில் சில்லுகள் வரிசை பிடித்து நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல ஒரு சாண் இடைவெளி. நூல் பிடித்த மாதிரி நேராக வேறு இருந்தது.

“என்னங்க்கா இது? நெருக்கமா வைக்க வேண்டாமா?” என் குரல் கொஞ்சம் ஏறித்தான் போனது.

முன்னால் நின்ற அக்கா, மூன்று பிள்ளைகளை இங்கே படிக்க வைப்பவர், நிதானமாகச் சொன்னார். “காடுன்னு சொன்னீங்களேங்க டீச்சர். குச்சிக்கெழங்க நெருக்கி நட்டா கெழங்கு எறங்காதுங்க.” நான் வரைந்தது மரங்கள் அடர்ந்த காடு; இந்த ஊரில் காடு என்றால் மரவள்ளி நடும் மேட்டு நிலம்.

ஆபீஸ் ஜன்னல் வழியாக சார் எட்டிப் பார்த்தார். “பெயிண்டருக்கு போன் போடட்டுங்களா டீச்சர்?”

“சாயங்காலம் வந்து பாருங்க சார்.”

சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. கரண்டியை எடுத்துச் சுரண்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். சுரண்டினால் படம் நன்றாக வரும், ஆனால் நாளைக்கு இவர்களில் ஒருத்தரும் வரமாட்டார்கள். அதுமட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

“சரிங்க்கா, கெழங்குக்கு நடுவுல என்ன போடுவீங்க?”

“மொச்சை போடுவோமுங்க.”

“அப்ப மொச்சையப் போடுங்க.”

அவர்களிடையே சிரிப்பு கிளம்பியது. ஒருத்தர் டைல்ஸைச் சாக்கில் சுற்றித் தட்டிப் பொடிச் சில்லாக்கினார். இன்னொருத்தர் பக்கத்து வீட்டுக்குப் போய் உடைந்த வளையல்களை அள்ளி வந்தார். மஞ்சளும் வெள்ளையுமாக இடைவெளியெல்லாம் நிரம்பியது. இங்கே மொச்சை நெருங்கிவிட்டது, அங்கே களை எடுக்கவில்லை என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்தபடியே வேலை பார்த்தார்கள்.

சாயங்காலம் சார் வந்து நெடுநேரம் பார்த்தார். “இது நம்ம காடு மாதிரியே இருக்குதுங்களே” என்றார். பெயிண்டர் பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. இரண்டே வாரத்தில் மலைப் படம் முழுவதும் சுவரில் ஏறிவிட்டது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாக்கள் நேராக உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சார் வரவேற்றுப் பேசத் தொடங்கினார். முடிக்கும் முன்பே அந்த அக்கா எழுந்தார்.

“ஏனுங்க சார், பொம்பளப் புள்ளைக பாத்ரூம் கதவுக்கு ஏனுங்க தாப்பா இல்ல? ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் புடிச்சுட்டு நிக்குதுங்க.”

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைக் காப்பாற்றவில்லை.