ஸ்டெல்லா அக்கா திருத்திய நேரம்

பல்லடத்தில் பஸ் மாறக் காத்திருந்தபோது நம்மோடு வேலை செய்த ரகு போன் செய்தான். "ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க" என்றான். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அவன் அழத் தொடங்கியதும்தான் அவர் இறந்துவிட்டார் என்று புரிந்தது.

பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நம் கொங்குப் பேச்சின் 'ங்க'வைக் கேட்டால் சிரிப்பார். கம்ப்யூட்டர் நேரத்தைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1970 தொடக்கத்திலிருந்து ஓடிய நொடிகளை ஒரே எண்ணாக வைத்திருக்கும். அதை நாளும் மணியுமாக மாற்றிக் காட்டும் நிரல்களை அவர்தான் எழுதினார். "மெஷினுக்கு நொடி போதும். மனுஷனுக்குத்தான் செவ்வாக்கிழமை வேணும்" என்பார்.

ஸ்டோருக்குப் புதிதாக, அவரவர் கார்டைக் காட்டினால் திறக்கும் கதவு போட்ட வாரம் துணி ரோல்கள் காணாமல் போயின. தையல் பிரிவிலிருந்த ஒடிசாப் பெண் சுனிதாவின் கார்டு விடியற்காலையில் கதவைத் திறந்ததாகத் திரை காட்டியது. "காலை ஷிப்ட்ல நூல் எடுக்கத்தான் போனேன்" என்று அழுதாள். எல்லோர் முன்னிலையிலும் அவளைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. தன்னுடைய கார்டின் பதிவைத் தேடினார். காலை டீக்குப் பிறகு அவர் ஸ்டோருக்குப் போனதும் விடியற்காலை என்றே இருந்தது. கதவு பதிந்த நொடி எண்ணில் பிழையில்லை. அதைக் கிரீன்விச் நேரமாகவே காட்டும்படி அவர்தான் நிரலை எழுதியிருந்தார். நம் ஊர் நேரத்துக்கான ஐந்தரை மணியைக் கூட்டவில்லை.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாங்க மேடம். அந்தப் பொண்ண போன்ல கூப்பிட்டுக்கலாம்" என்றார் மேனேஜர்.

"மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு சார். நாந்தான் தப்பா எழுதிட்டேன். அத்தன பேர் முன்னால திருடின்னு சொல்லிட்டு, போன்லயா மன்னிப்பு கேக்க?"

வெயிலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார். சுனிதா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவளை அழைத்து வந்து, தையல் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, நடந்ததைத் தமிழில் சொன்னார். பிறகு வடநாட்டுப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று, தனக்குத் தெரிந்த இந்தியில், "கல்தி மேரா" என்றார். தப்பு என்னுடையது என்று பொருள். அழுதுகொண்டிருந்த சுனிதா, "மேரா இல்லக்கா, மேரி" என்று திருத்தினாள்; இந்தியில் 'கல்தி' பெண்பாலாம். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததை அப்போதுதான் பார்த்தேன். ரோல்கள் சாயப்பட்டறையில் கிடந்தது பிறகு தெரியவந்தது. அது தெரியும்வரை அக்கா காத்திருக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்: பழி போட்ட இடத்திலேயே நின்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.